வளாகப் போலீஸ்: முதலில் தொலைபேசி மேசையைக் கேளுங்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலை படிக்கும் மாணவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் வளாகப் போலீஸ் துறைக்கு ஓர் ஆலோசனைக் குழு அமைத்திருக்கிறார்கள். வெளிநாட்டு மாணவர்கள் சார்பில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். கறுப்பின மாணவர்கள், முஸ்லிம் மாணவர்கள், எங்களைப் போன்றவர்கள் எல்லோரிடமும் போலீஸ் நெருங்கிப் பழக என்ன செய்யலாம் என்று முதல் கூட்டத்தில் கருத்துக் கேட்பார்களாம். என்ன சொல்லட்டும்?"

ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் அலுவலராக இருந்த காலத்தில் இதுபோன்ற குழுவில் ஆறு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன். முதல் இரண்டு ஆண்டுகளும் காபியிலும் பீட்சாவிலும் கழிந்தன. ஒவ்வொரு பருவத்திலும் மாணவர் மையத்தில் மேசை போட்டு, சீருடையில் நான்கு போலீஸாரை நிற்கவைத்து, வருகிறவர்களுக்குக் காபி ஊற்றிக் கொடுப்போம். புகைப்படங்கள் நன்றாகவே வந்தன. ஆனால் வந்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே போலீஸை நம்புகிறவர்கள். யாருக்காக அந்த மேசையைப் போட்டோமோ அவர்கள் எதிர்ப்பக்க நடைபாதையில் போய்க்கொண்டிருந்தார்கள்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. உங்களுக்கு அவ்வளவு ஆகக்கூடாது என்பதற்காகவே இந்த நீளமான பதில். வளாகப் போலீஸ்மீது நம்பிக்கை பிறப்பதும் சாவதும் கட்டுப்பாட்டு அறையின் தொலைபேசி மேசையில்தான். அழைப்பவர் யார், அவரிடம் என்ன கேட்கப்படுகிறது, அதன் பிறகு யார் அனுப்பப்படுகிறார் என்ற மூன்றும் சரியாக இல்லாத இடத்தில் எத்தனை காபி ஊற்றினாலும் வீண்.

கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகத்துக்கென்று துப்பாக்கியும் கைது அதிகாரமும் கொண்ட தனிப் போலீஸ் இருப்பது நம் ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு விசித்திரமாகத் தெரியும். கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளியைப் பார்த்துப் பழகிய கண்கள் நம்முடையவை. இங்கே அந்தக் கதை 1894இல் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. மாணவர்களுக்கும் நியூ ஹேவன் நகரத்தாருக்கும் ஓயாத சண்டை. அதைத் தணிக்க நகரப் போலீஸிலிருந்து இரண்டு பேரை வளாகத்துக்கென்றே ஒதுக்கினார்கள். இன்று நிலைமை வேறு. அமெரிக்க நீதித்துறையின் புள்ளியியல் பிரிவு 2011-12ஆம் கல்வியாண்டுக்கு எடுத்த கணக்கின்படி, 2,500 மாணவர்களுக்கு மேல் உள்ள நான்காண்டுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் 68 சதவீதத்தில் முழு அதிகாரம் பெற்ற போலீஸ் இருந்தது. அந்தப் போலீஸாரில் 86 சதவீதம் பேருக்கு வளாக எல்லைக்கு வெளியேயும் கைது செய்யும் அதிகாரம் உண்டு. இந்த இரண்டாவது எண்ணை நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

1986 ஏப்ரலில் பென்சில்வேனியாவின் லீஹாய் பல்கலைக்கழக விடுதியறையில் ஜீன் கிளேரி என்ற 19 வயது மாணவி கொல்லப்பட்டார். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவுகளை யாரோ திறந்து முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். கொலையாளியும் அதே பல்கலைக்கழக மாணவன். பெற்றோர் நடத்திய போராட்டத்தின் விளைவாக 1990இல் வந்த சட்டத்தைத்தான் இன்று கிளேரி சட்டம் என்கிறார்கள். ஒவ்வொரு கல்லூரியும் குற்றக் கணக்கை வெளியிட வேண்டும், ஆபத்து இருந்தால் உடனே எச்சரிக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2007இல் வர்ஜீனியா டெக்கில் 32 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு எச்சரிக்கைக் குறுஞ்செய்திகளும் அவசரத் திட்டங்களும் எல்லா இடத்திலும் பெருகின. பெற்றோரின் அச்சம் நியாயமானது. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் "வெளியாள் வந்துவிடுவான்" என்ற அச்சத்தின் மீது ஓர் அமைப்பைக் கட்டினால், யாரைப் பார்த்தால் வெளியாளாகத் தோன்றுகிறது என்ற கேள்வி தானாக எழுந்துவிடும். லீஹாயில் கொலை செய்தவன் வெளியாள் அல்ல என்பதை எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

இனி தொலைபேசிக்கு வருவோம்.

2018 மே மாதம், யேலில் ஒரு கறுப்பின முதுகலை மாணவி கட்டுரை எழுதிய களைப்பில் தன் விடுதியின் பொது அறையிலேயே தூங்கிவிட்டார். அதே விடுதியில் வசிக்கும் வெள்ளையின மாணவி ஒருவர் விளக்கைப் போட்டு எழுப்பி, போலீஸை அழைத்தார். போலீஸார் வந்தார்கள். அந்த மாணவி தன் அறைச் சாவியைப் போட்டுத் திறந்து காட்டிய பிறகும் அடையாள அட்டை கேட்டார்கள். அட்டையில் இருந்த பெயரும் பல்கலைக்கழகப் பதிவேட்டில் இருந்த பெயரும் பொருந்தவில்லை. விசாரணை இழுத்துக்கொண்டே போனது. தன் வீட்டில் தூங்கியவர், தான் அங்கே வசிப்பவர்தான் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது.

பெயர் பொருந்தாத விஷயத்தைப் படித்தபோது எனக்கு நம் பிள்ளைகள்தான் நினைவுக்கு வந்தார்கள். குடும்பப் பெயர் இல்லாமல் இன்ஷியலோடு வளர்ந்த எத்தனை தமிழ் மாணவர்களுடைய விசாவில் "எஃப்.என்.யு." என்று, அதாவது முதற்பெயர் தெரியவில்லை என்று, அச்சாகியிருக்கிறது! வங்கியில் ஒரு பெயர், பல்கலைக்கழகப் பதிவில் ஒரு பெயர், ஓட்டுநர் உரிமத்தில் அப்பா பெயர் முன்னால். இரவு ஒரு மணிக்கு ஆய்வகத்தின் வாசலில் வைத்து ஒருவர் அட்டையைச் சரிபார்த்தால் நமக்கும் அதே கதைதான். உங்கள் குழுவில் நீங்கள் வைக்கக்கூடிய மிக எளிய, செலவே இல்லாத கோரிக்கை இது: மாணவர் விரும்பும் பெயரும் சட்டப் பெயரும் இரண்டுமே போலீஸார் பார்க்கும் திரையில் தெரிய வேண்டும்.

அதே 2018 வசந்தத்தில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இன்னொன்று நடந்தது. நியூ மெக்ஸிகோவிலிருந்து பல மணி நேரம் காரோட்டி வந்த அமெரிக்கப் பழங்குடிச் சகோதரர்கள் இருவர், கல்லூரியைச் சுற்றிப் பார்க்கும் குழுவில் சேர்ந்துகொண்டார்கள். ஒருவருக்கு 19 வயது, மற்றவருக்கு 17. அதே குழுவில் வந்த ஒரு தாய், இவர்கள் அதிகம் பேசவில்லை, போட்டிருக்கும் உடை ஒரு மாதிரி இருக்கிறது, இவர்கள் இங்கே பொருந்தவில்லை என்று போலீஸுக்கு அழைத்துச் சொன்னார். போலீஸார் வந்து அவர்களைத் தனியே அழைத்து, உடைகளில் இருந்த பைகளைத் துழாவவைத்து, மின்னஞ்சலில் பதிவு உறுதியாகியிருப்பதைப் பார்த்த பிறகு விட்டார்கள். அதற்குள் குழு நகர்ந்து போய்விட்டது. சகோதரர்கள் ஊர் திரும்பினார்கள்.

இந்த இரண்டிலும் வந்த போலீஸார் கையை ஓங்கவில்லை, கத்தவில்லை. விதிப்படிதான் நடந்தோம் என்று அவர்கள் சொன்னால் அதை மறுப்பதும் கடினம். தவறு அவர்கள் வண்டியை எடுப்பதற்கு முன்பே நடந்துவிட்டது. அழைப்பை எடுத்தவர் ஒரே ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்டிருக்கலாம்: "அவர்கள் என்ன செய்கிறார்கள்?" எப்படி இருக்கிறார்கள் என்பதைக் கேட்கவில்லை, என்ன செய்கிறார்கள் என்பதைத்தான் கேட்கிறேன் என்று அழுத்திக் கேட்க வேண்டும். தூங்குகிறார், பேசாமல் நடந்துவருகிறார் என்ற பதில் வந்தால் அங்கே போலீஸுக்கு வேலை இல்லை. சுற்றுலாக் குழுவின் வழிகாட்டிக்கு ஒரு தொலைபேசி போட்டால் முடிந்தது.

இதைச் சொன்னால் போலீஸ் துறைத் தலைவர்கள் உடனே ஒரு பதில் வைத்திருப்பார்கள்: "எந்த அழைப்பையும் நாங்கள் மறுக்க முடியாது, நாளைக்கு ஏதாவது நடந்துவிட்டால்?" மறுக்கச் சொல்லவில்லை. அழைப்பை எடுப்பவருக்கு ஒரு கேள்வித்தாள் வேண்டும், மேலதிகாரியைக் கேட்காமலே "இதற்கு ஆள் அனுப்பத் தேவையில்லை" என்று பதிவுசெய்யும் அதிகாரம் வேண்டும், அப்படிச் செய்ததற்காக மறுநாள் யாரும் அவரைக் குடையக் கூடாது. எங்கள் குழுவில் இந்த ஒரு பக்கக் கேள்வித்தாளை எழுத எட்டு மாதம் ஆனது. ஒவ்வொரு சொல்லுக்கும் வழக்கறிஞர்கள் இழுத்தார்கள். ஆனால் நாங்கள் செய்த எல்லாவற்றிலும் உருப்படியானது அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். கட்டுப்பாட்டு அறையில் வேலை செய்த பெண்மணி ஒருவர் சொன்னது மறக்கவில்லை: "எனக்குத் தெரியும் சார், இது வெறும் பயம்தான் என்று. ஆனால் வேண்டாம் என்று சொல்ல எனக்குக் கட்டம் இல்லையே." கணினித் திரையில் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை என்பதைத்தான் அவர் சொன்னார்.

அடையாள அட்டை கேட்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2006 நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் நூலகத்தில், இரவில் வழக்கமான சோதனையின்போது ஈரானிய வம்சாவளி மாணவர் ஒருவர், தன் தோற்றத்தைப் பார்த்துத் தனியாகக் கேட்கிறார்கள் என்று நினைத்து அட்டையைக் காட்ட மறுத்தார். வளாகப் போலீஸ் அவர்மீது டேசர் மின் அதிர்ச்சியைப் பலமுறை பாய்ச்சியது. சுற்றி நின்ற மாணவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர் படம் எடுத்தார். பின்னர் பல்கலைக்கழகம் 2,20,000 டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்தது. அட்டை கேட்டால் வாசலில் எல்லோரிடமும் கேளுங்கள், இல்லையென்றால் யாரிடமும் கேட்காதீர்கள். நடுவழி கிடையாது.

அடுத்தது, யாரை அனுப்புவது. 2017 செப்டம்பரில் ஜார்ஜியா டெக்கில் 21 வயது மாணவர் ஒருவர் தன்னைப் பற்றித் தானே 911க்கு அழைத்து, கத்தியோடு சந்தேகத்துக்குரிய ஆள் நிற்கிறார் என்று சொன்னார். மனநெருக்கடியில் இருந்தவர் அவர். வளாகத்தின் பால்புதுமையர் அமைப்புக்குத் தலைவராக இருந்தவரும்கூட. கையில் இருந்தது பல்பயன் கருவி. அதன் கத்தி விரியக்கூட இல்லை. சுடுங்கள் என்று சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தவரை வளாகப் போலீஸ்காரர் ஒருவர் சுட்டுக் கொன்றார். சுட்டவருக்கு மனநெருக்கடியைக் கையாளும் பயிற்சி இல்லை. அந்தப் போலீஸாரிடம் டேசரும் இல்லை.

இப்படிப்பட்ட நெருக்கடிகளுக்கென்று மெம்பிஸ் நகரம் 1988இலேயே ஒரு முறையை உருவாக்கிவிட்டது. விரும்பி முன்வரும் போலீஸாருக்கு 40 மணி நேரப் பயிற்சி. மனநல அழைப்பு வந்தால் அவர்களையே அனுப்புவது. முப்பது ஆண்டு பழைய ஏற்பாடு ஒரு பெரிய தொழில்நுட்பக் கல்லூரியின் எல்லாப் போலீஸாரையும் எட்டியிருக்கவில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழக அமைப்பு 2021இல் வெளியிட்ட பாதுகாப்புத் திட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், மனநல ஊழியர், சமூகப்பணியாளர், ஆயுதமில்லாத பாதுகாப்பு ஊழியர் என்று அழைப்புக்கேற்ப ஆள் அனுப்பச் சொல்கிறது. தாளில் அழகாக இருக்கும். உங்கள் வளாகத்தில் சனிக்கிழமை அதிகாலை இரண்டு மணிக்கு அந்த மனநல ஊழியர் பணியில் இருக்கிறாரா என்று கேளுங்கள். பெரும்பாலும் இருக்க மாட்டார். நெருக்கடிகள் அலுவலக நேரம் பார்த்து வருவதில்லை.

மொழியும் இதில் அடங்கும். காது கேளாதோருக்கான கேலாடெட் பல்கலைக்கழகம் வாஷிங்டனில் இருக்கிறது. 1990இல் அங்கே காது கேளாத மாணவர் ஒருவரைப் பாதுகாப்பு ஊழியர்கள் அமுக்கிப் பிடித்துக் கைவிலங்கிட்டபோது அவர் இறந்துபோனார். சைகையில் பேசுகிறவருக்குக் கைதான் வாய். அதைக் கட்டிவிட்டால் மூச்சு முட்டுகிறது என்று அவர் எப்படிச் சொல்வார்? "பன்முகச் சமூகத்தை அணுகுதல்" என்று அறிக்கையில் எழுதுகிறவர்கள் இந்த ஒரு சம்பவத்தை யோசித்தால் போதும், பயிற்சியில் என்ன இருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இப்போது அந்த 86 சதவீதத்துக்கு வருகிறேன். 2015 ஜூலையில் சின்சினாட்டி பல்கலைக்கழகப் போலீஸ்காரர் ஒருவர் வளாகத்துக்கு வெளியே, முன்பக்க எண்பலகை இல்லை என்று ஒரு காரை நிறுத்தினார். சாமுவேல் டுபோஸ் என்ற கறுப்பினத்தவர், மாணவரல்ல, அந்த நகரவாசி. சில நிமிடங்களில் தலையில் சுடப்பட்டு இறந்தார். கார் தன்னை இழுத்துச் சென்றதாகப் போலீஸ்காரர் சொன்னதை, அவர் உடலில் அணிந்திருந்த கேமராவே பொய்யாக்கியது. இரண்டு முறை விசாரணை நடந்தும் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை, வழக்கு கைவிடப்பட்டது. பல்கலைக்கழகம் 48.5 லட்சம் டாலர் இழப்பீடும், அவருடைய 12 பிள்ளைகளுக்கும் இளங்கலை வரை இலவசக் கல்வியும் தர ஒப்புக்கொண்டது.

எண்பலகைக்காகக் காரை நிறுத்துவது பல்கலைக்கழகத்தின் வேலையா? வளாகத்தைச் சுற்றி வாழும் ஏழை மக்களுக்கு அந்தப் பல்கலைக்கழகத்தில் வாக்கில்லை, பேரவையில் இடமில்லை, ஆலோசனைக் குழுவில் நாற்காலியும் இல்லை. ஆனால் அதன் போலீஸ் அவர்களைத் தெருவில் நிறுத்தலாம். சிகாகோ பல்கலைக்கழகப் போலீஸின் எல்லைக்குள் வசிப்பவர்களில் பெரும்பாலோர் மாணவர்களே அல்ல. அங்கே சமூகத்தார் நெருக்கியதன் பலனாக 2015 முதல் வாகன நிறுத்தங்களையும் தெரு விசாரணைகளையும் இனவாரியாக இணையத்தில் வெளியிடுகிறார்கள். உங்கள் துறையும் வெளியிட வேண்டும் என்று கேளுங்கள். குழுவில் அக்கம்பக்கத்தார் ஒருவராவது இருக்க வேண்டும் என்றும் கேளுங்கள். மாணவர்கள் நான்கு ஆண்டுகளில் போய்விடுவார்கள். அவர் அங்கேயே இருப்பார்.

உங்களுடையது தனியார் பல்கலைக்கழகமா, அரசுடையதா என்பது உங்கள் கேள்வியில் இல்லை. தனியார் என்றால் தகவல் பெறுவது மாநிலத்தைப் பொறுத்தது. ஹார்வர்டு போலீஸ் பொதுப் பதிவுச் சட்டத்துக்குள் வராது என்று மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 2006இல் சொல்லிவிட்டது; நோட்ர டேம் விஷயத்தில் இந்தியானா உச்ச நீதிமன்றம் 2016இல் அதையே சொன்னது. ஒஹாயோவிலோ 2015இல் ஒரு மாணவ நிருபர் தொடுத்த வழக்கில், தனியார் கல்லூரிப் போலீஸும் அரசு அதிகாரத்தைப் பயன்படுத்துவதால் பதிவைக் காட்டியாக வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. என்னைக் கேட்டால், கைவிலங்கு போடும் அதிகாரத்தை அரசிடமிருந்து வாங்கிக்கொண்டு, கேள்வி கேட்டால் "நாங்கள் தனியார்" என்பது அடாவடி.

குற்ற எச்சரிக்கைகளைப் பற்றிச் சுருக்கமாக: "கறுப்பினத்தவர், சராசரி உயரம், அடர்நிற மேல்சட்டை" என்று ஐம்பதாயிரம் கைபேசிகளுக்கு ஒரு செய்தி போனால், அது யாரையும் பிடிக்க உதவாது, அன்று மாலை வகுப்புக்குப் போகும் ஒவ்வொரு கறுப்பின மாணவனையும் சந்தேகநபராக்கும். ஒருவரை அடையாளம் காணும் அளவுக்கு விவரம் இல்லையென்றால் இனத்தைக் குறிப்பிட வேண்டாம் என்ற விதியை மினசோட்டா பல்கலைக்கழகம் 2015இலேயே கொண்டுவந்தது. கிளேரி சட்டமும் இனத்தைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தவில்லை.

சரி, இவையெல்லாம் நடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அதன் பிறகுதான் நீங்கள் கேட்ட "நெருங்கிப் பழகுதல்" வருகிறது.

முதலில், மக்கள் ஏன் ஒதுங்குகிறார்கள் என்பதை அவர்கள் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். நியூயார்க் நகரப் போலீஸ் முஸ்லிம் மாணவர் சங்கங்களை வேவு பார்த்தது 2011, 2012இல் அம்பலமானது. நியூயார்க் மாணவர்கள் படகுச் சவாரிக்குப் போனபோது ஒற்றர் ஒருவர் உடன் போய், அவர்கள் எத்தனை முறை தொழுதார்கள் என்பதைக்கூடக் குறித்துக்கொண்டிருந்தார். அது நகரப் போலீஸ், நாங்கள் வேறு என்று வளாகப் போலீஸ் சொல்லலாம். தொழுகை அறைக்கு வெளியே நிற்கும் மாணவருக்கு இரண்டும் ஒரே சீருடைதான்.

நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களின் பயம் இன்னொரு வகை. 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் 11,26,690 வெளிநாட்டு மாணவர்கள் இருந்தார்கள். அதில் 3,31,602 பேர் இந்தியர்கள். 2025 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான மாணவர்களின் செவிஸ் பதிவுகள் (வெளிநாட்டு மாணவர்களின் நிலையைக் குறித்துவைக்கும் அரசுக் கணினிப் பதிவுகள்) திடீரென ரத்துசெய்யப்பட்டன. பலருடைய விஷயத்தில் போக்குவரத்து மீறல், எப்போதோ தள்ளுபடியான வழக்கு போன்ற சின்னப் போலீஸ் தொடர்புகளே காரணமாகக் காட்டப்பட்டன. வழக்குகள் குவிந்த பிறகு மாத இறுதியில் பதிவுகளைத் திருப்பித் தந்தார்கள். ஆனால் பாடம் எல்லோர் மனத்திலும் பதிந்துவிட்டது: போலீஸ் ஏட்டில் பெயர் ஏறவே கூடாது. அதே ஆண்டு ஃபுளோரிடாவில் பல பொதுப் பல்கலைக்கழகங்களின் போலீஸ் துறைகள் குடிவரவு அமலாக்கத்தோடு 287(ஜி) ஒப்பந்தம், அதாவது குடிவரவுச் சட்டத்தை உள்ளூர்ப் போலீஸும் அமல்படுத்த அனுமதிக்கும் ஒப்பந்தம், செய்துகொண்டன. திருட்டுக் கொடுத்தவர்கூடப் புகார் கொடுக்கத் தயங்குவதில் என்ன ஆச்சரியம்? எனவே உங்கள் துறைத் தலைவரிடம் நேரடியாகக் கேளுங்கள்: அப்படி ஒப்பந்தம் இருக்கிறதா? புகார் கொடுக்க வருபவரின் விசா நிலையைக் கேட்பீர்களா? பதிலை எழுத்தில் வாங்கி, எல்லா மொழிச் சங்கங்களுக்கும் அனுப்புங்கள்.

அறிமுக வாரத்தில் போலீஸார் சொல்லித்தர வேண்டியவையும் உண்டு. நம் ஊரில் போலீஸ் வண்டியை நிறுத்தினால் இறங்கி, பக்கத்தில் போய், பணிவாக நிற்பதுதான் மரியாதை. இங்கே காரை விட்டு இறங்கினால் அதை மிரட்டலாக எடுத்துக்கொள்வார்கள். கையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு உள்ளேயே இருக்க வேண்டும். இதை மாணவர்களுக்குச் சொன்னால் பாதி வேலைதான் முடிந்தது. இறங்கி வருகிறவர் மரியாதை காட்டுகிறார் என்று போலீஸாருக்கும் யாராவது சொல்லித்தர வேண்டும். எங்கள் வளாகத்தில் அந்த வகுப்பை எடுத்தவர்கள் இரண்டு முனைவர்பட்ட மாணவர்கள்; போலீஸார் எதிரே உட்கார்ந்து கேட்டார்கள். கேட்பவர் யார், சொல்பவர் யார் என்பது தலைகீழானதே அன்று பாதி பலன்.

இன்னொரு நினைவு. ரமலான் இரவுகளில் தொழுகை முடிந்து மாணவிகள் விடுதிக்குத் திரும்பும் நேரத்தில் வளாகப் பேருந்து நின்றுவிட்டிருக்கும். முஸ்லிம் மாணவர் சங்கம் இதைச் சொன்னபோது அது போலீஸ் விஷயமே அல்ல. எங்கள் துறைத் தலைவர் "இது போக்குவரத்துப் பிரிவின் வேலை" என்று கைகழுவியிருக்கலாம். அவர் போக்குவரத்துப் பிரிவோடு பேசி, அந்த மாதம் மட்டும் கடைசிப் பேருந்தை நள்ளிரவு தாண்டி ஓடவைத்தார். பேருந்து ஓடத் தொடங்கிய மூன்றாம் வாரம், சங்கத்தின் செயலாளர் தானாகவே வந்து, ஆறு மாதமாக ஒருவன் தங்களைப் பின்தொடர்வதைப் பற்றிச் சொன்னார். ஆறு மாதம்! நாங்கள் அத்தனை மேசை போட்டும் வராத புகார்.

ஆகவே தொடர்பு அதிகாரி என்று ஒருவரை நியமித்தால், அவரை ஆண்டுதோறும் மாற்றாதீர்கள். அவர் சங்கங்களின் கூட்டத்துக்கு அழைத்தால் மட்டும் போகட்டும். கேட்டதற்கு அடுத்த மாதம் பதிலோடு திரும்பட்டும். பதில் "முடியாது" என்றிருந்தாலும் சரி. மக்களைக் கசக்கவைப்பது மறுப்பல்ல, கேட்டுவிட்டுக் காணாமல் போவது.

பாலியல் வன்முறைப் புகார்களில் இது பத்து மடங்கு பொருந்தும். லிபர்ட்டி பல்கலைக்கழகத்துக்கு 2024இல் 1.4 கோடி டாலர் அபராதம் விதித்தார்கள். கிளேரி சட்டத்தின் கீழ் அதுவரை யாருக்கும் அவ்வளவு விதித்ததில்லை. புகார் கொடுத்தவர்களே நன்னடத்தை விதியை மீறியதாகத் தண்டிக்கப்படும் பயத்தில் வாயடைத்துப் போயிருந்தார்கள் என்பது அதில் வெளிவந்த விஷயங்களில் ஒன்று. மது அருந்தியிருந்தேன் என்று சொன்னால் தண்டனை வராது என்ற உறுதிமொழி இல்லாத வளாகத்தில் எந்தப் பெண் அதிகாரியை நியமித்தும் பயனில்லை.

கடைசியாக, போராட்டங்கள். ஐந்து ஆண்டுகள் பாடுபட்டுக் கட்டியது ஒரு மாலையில் சரிந்துவிடும். 2011 நவம்பர் 18 அன்று டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், தரையில் உட்கார்ந்திருந்த மாணவர்கள் முகத்தில் வளாகப் போலீஸ் அதிகாரி செடிக்கு மருந்தடிப்பது போல மிளகுத் தெளிப்பானை அடித்த காட்சி உலகமெங்கும் போனது. விசாரணைக் குழு இதைத் தவிர்த்திருக்க முடியும், தவிர்த்திருக்க வேண்டும் என்றது. யார் உத்தரவிட்டது என்பதிலேயே நிர்வாகத்துக்கும் போலீஸுக்கும் இடையே குழப்பம் இருந்தது. 10 லட்சம் டாலருக்கு வழக்கு தீர்ந்தது. அதோடு விட்டார்களா? இணையத்தில் அந்தப் படம் கண்ணில் படாமல் செய்வதற்கென்று ஆலோசகர்களுக்குக் குறைந்தது 1,75,000 டாலர் கொடுத்தார்கள் என்பது 2016இல் வெளிவந்து, மறந்துபோனவர்களும் மீண்டும் படத்தைத் தேடிப் பார்த்தார்கள். நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், அதே பல்கலைக்கழகம்தான் 2014இல் மாணவரும் ஆசிரியரும் ஊழியரும் உட்காரும் போலீஸ் பொறுப்புக் குழுவையும் அமைத்தது. புகாரை விசாரிப்பது போலீஸ் அல்லாத அலுவலகம். பல வளாகங்களில் இன்னும் அதுகூட இல்லை.

2024இல் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தோம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் ஏப்ரல் 30 இரவு பாலஸ்தீன ஆதரவு முகாமை ஒரு கும்பல் தாக்கியபோது போலீஸ் மணிக்கணக்கில் தலையிடவில்லை. அடுத்த இரவு வந்து முகாமில் இருந்தவர்களைக் கைது செய்தது. வளாகப் போலீஸ் தலைவர் பதவியிலிருந்து மாற்றப்பட்டார். அதே வாரங்களில் யூத மாணவர்கள் பலர் தங்களை யார் காப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். போலீஸை எப்போது அழைப்பது, யார் அழைப்பது, வெளியூர்ப் போலீஸ் வந்தால் யார் கட்டளை செல்லும் என்பதை அமைதியான காலத்திலேயே எழுதிவைக்க வேண்டும். உங்கள் குழு அந்தத் தாளைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

போலீஸே வேண்டாம் என்று சொல்கிறவர்களும் உங்கள் கூட்டத்துக்கு வருவார்கள். அவர்களை எதிரிகளாக்காதீர்கள். போர்ட்லாந்து மாநிலப் பல்கலைக்கழகம் தன் போலீஸுக்குத் துப்பாக்கி கொடுத்த சில ஆண்டுகளில், 2018இல், வளாகத்தருகே ஒரு சண்டையை விலக்க முயன்ற கறுப்பினத்தவர் அந்தப் போலீஸாராலேயே கொல்லப்பட்டார். வேண்டாம் என்று முன்பே எச்சரித்தவர்கள் மாணவர்கள்தான். 2020இல் ரோந்துக்குத் துப்பாக்கி வேண்டாம் என்று நிர்வாகம் அறிவித்தது. எல்லா வளாகத்திலும் ஆயுதப் போலீஸை அகற்றலாம் என்று நான் நினைக்கவில்லை. வர்ஜீனியா டெக் போன்ற ஒரு காலைக்கு அவர்களிடமும் முழுப் பதில் இல்லை. ஆனால் அப்படி ஒரு காலை அபூர்வம். ஒரு மாதத்தில் வரும் அழைப்புகளில் எத்தனைக்குத் துப்பாக்கி தேவைப்பட்டது என்ற அவர்கள் கேள்வி சரியான கேள்வி.

அதனால் முதல் கூட்டத்தில் அதையே கேளுங்கள். குற்றப் பதிவேடு யாருக்கும் திறந்தது; கடைசி 60 நாள் பதிவை அலுவலக நேரத்தில் போய்ப் பார்க்க நீங்கள் குழுவில்கூட இருக்கத் தேவையில்லை. ஆனால் அதில் புகாரான குற்றங்கள் மட்டுமே இருக்கும். யேலில் தூங்கிய பெண் அதில் இருக்க மாட்டார். நீங்கள் கேட்க வேண்டியது கட்டுப்பாட்டு அறையின் கணினியில் பதிவான எல்லா அழைப்புகளும்: ஒரு மாதம், பெயர்களை நீக்கி, அழைத்தவர் சொன்ன காரணம், அனுப்பப்பட்டவர் யார், போனபின் நடந்தது என்ன என்ற மூன்று பத்திகளோடு. "சந்தேகத்துக்குரிய நபர்" என்ற வரிகளைத் தனியே எடுத்து, எத்தனையில் உண்மையில் ஏதாவது இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். தர மாட்டோம் என்றால், அந்த மறுப்பையும் காரணத்தையும் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக அதையே வையுங்கள்.